சங்க வண்டியும் அதன் அதிர்வுதாங்கியும்

சங்கத்தின் இரும்புப் பெட்டியிலுள்ள பணத்தை எண்ணிப் பார்க்க எல்லாரும் முன்வருவர். சங்கத்தின் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. எனினும், பெட்டியிலிருந்து வெளியேறும் பணத்தில் ஒரு நல்ல பங்கு அந்த அடிப்பாகத்தின் வழியாகவே வெளியேறுகிறது என்பதைச் செலவுச் சீட்டுகளைப் புரட்டுவோர் அறிவர். தேய்ந்த டயர், முறிந்த கமான் பட்டை, கழன்ற போல்ட்டு, எண்ணெய் ஒழுகும் அதிர்வுதாங்கி ஆகிய ஒவ்வொன்றும் சிறு தொகையாகத் தோன்றி, ஆண்டு முடிவில் பெருந்தொகையாகத் திரண்டு நிற்கும்.

இம்மாதம் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் அவற்றுள் ஒன்று. தரையிலிருந்து உயர்த்தப்பட்ட ஜீப்பு முதலிய வண்டிகளுக்கு, நீடித்து உழைக்கும் அதிர்வுதாங்கியைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்? பட்டறைகளில் இதனை ஷாக் அப்சார்பர் என்றும், சுருக்கமாக ஷாக் என்றும் வழங்குவர். இது மோட்டார் மோகங்கொண்ட இளைஞரின் விளையாட்டுப் பொருள் அன்றோ, நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் இதில் என்ன அக்கறை என்று அன்பர்கள் கேட்கலாம். வண்டி சங்கத்தினுடையது, அதில் ஏறிச் செல்வோர் நம் அங்கத்தினர், அதற்குக் கொடுக்கும் பணம் அவர்களுடைய பங்குத் தொகையிலிருந்தும் இலாபத்திலிருந்தும் வருவது. அக்கறைக்கு இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை.

நம் பகுதியின் நிலை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள நிலப்பரப்பு ஒரு தலைமுறைக்குள் உருமாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு 1996 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1998 இல் அங்கிருந்து கார்கள் வெளிவந்தன. ஒரகடத்தில் 2010 இல் ரெனோ - நிசான் கூட்டு ஆலையும், 2012 இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டெய்ம்லர் ஆலையும், 2013 இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் தொடங்கின. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் மத்திய அரசின் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்னும் நிலையமும் ஒரகடத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு இருந்தும், ஆலைகளை இணைக்கும் அகன்ற சாலைகளை விட்டு ஒரு பக்கம் திரும்பினால், நாம் காண்பது பழைய ஏரிக்கரையும் வண்டிப்பாதையுமே. கட்டட வேலைக்கு மண்ணும் ஜல்லியும் ஏற்றிச் செல்லும் லாரிகளால் பள்ளம் விழுந்த கிளைச் சாலைகள் பல. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கலங்கல் வழிந்து பாதைமேல் நீர் ஓடும். 2015 ஆம் ஆண்டு டிசம்பர் பெருவெள்ளத்தை இப்பகுதியார் இன்னும் மறக்கவில்லை. காய்கறியை விடியுமுன் சந்தைக்கு அனுப்ப வேண்டிய விவசாயிக்கும், பாவும் பட்டும் நனையாமல் கொண்டுவர வேண்டிய நெசவாளர் சங்கத்திற்கும், சற்று உயரமான வண்டி வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆகவேதான், 'நம் ஜீப்பை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால் என்ன?' என்ற யோசனை நிர்வாகக் குழுக்களில் எழுகின்றது.

அதிர்வுதாங்கி செய்யும் வேலை

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். வண்டியின் பாரத்தைச் சுமப்பது அதிர்வுதாங்கி அன்று. கமான் பட்டையோ சுருள்வில்லோதான் பாரத்தைச் சுமக்கிறது. பள்ளத்தின் அடியை முதலில் ஏற்பதும் வில்லே. ஆனால் அழுத்தப்பட்ட வில் சும்மா இராது. மேலும் கீழுமாகப் பலமுறை துள்ளும். அத்துள்ளலை அடக்குவதே அதிர்வுதாங்கியின் வேலை.

விசைநாடாத் தறியில் நெய்வோர் இதனை எளிதில் உணர்வர். ஓடிவந்த நாடா, பெட்டியில் தாங்கி நிறுத்தப்படாமல் மோதித் திரும்பி எகிறினால், ஊடை தளர்ந்து ஆடை கெடும். நாடாவை ஓட விடுவதும் வேண்டும். ஓடியதை நிறுத்துவதும் வேண்டும். வண்டியில் வில் ஓட விடுகிறது, அதிர்வுதாங்கி நிறுத்துகிறது.

அதன் உள்ளமைப்பும் கடினமன்று. எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் ஒரு தண்டு, தண்டின் முனையில் சிறு துளைகளும் வால்வுகளும் கொண்ட பிஸ்டன். மருந்து தெளிக்கும் கைப்பம்பை அழுத்துகையில், நீர் சிறு துளை வழியே செல்ல வேண்டியிருப்பதால் கைக்குத் தடை தெரிகிறதன்றோ? அதே தடைதான் இங்கும். வண்டியின் துள்ளல் எண்ணெயை அத்துளைகள் வழியே தள்ளுகிறது. துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறி, குழாயின் வழியே காற்றில் கலந்துவிடுகிறது. மேடுபள்ளமான பாதையில் நெடுந்தூரம் ஓடிய வண்டியின் அதிர்வுதாங்கி கையால் தொடமுடியாத சூட்டில் இருப்பது இதனால்தான். எனவே, உறுதியான அதிர்வுதாங்கி என்பது, வெப்பத்தைத் தாங்கி விரைவில் வெளியேற்றக்கூடியது என்றே பெரும்பாலும் பொருள்படும்.

உயர்த்த வேண்டுமா?

நல்ல அதிர்வுதாங்கியைத் தேடுமுன் வண்டியை உயர்த்தத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது சங்கத்திற்கு நலம். சட்டம் இதில் தெளிவாக நிற்கிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு, ஆலையார் முதலில் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கும் முரண்படுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஆலையாரின் மூல அமைப்பை மாற்றலாகாது என்பதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இங்கு உரிமையாளர் யார்? சங்கம். அனுமதியற்ற மாற்றத்தைக் காரணங்காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டை மறுக்குமாயின் இழப்பு யாருக்கு? அங்கத்தினருக்கு. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983 இன் 87 ஆவது பிரிவின் தண்டத்தீர்வை எதற்காக இருக்கிறது என்பதை நிர்வாகக் குழுவினர்க்கு நாம் நினைவூட்ட வேண்டுவதில்லை.

சட்டம் ஒருபுறமிருக்க, வண்டி உயர்ந்தால் அதன் பாரமையமும் உயர்கிறது. வளைவில் வேகமாகத் திரும்புகையிலும், திடீரென ஒதுங்குகையிலும் கவிழும் அபாயம் மிகுகிறது. சக்கரத்திற்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் தண்டுகளின் கோணம் கூடுகிறது. பிரேக் குழாய்கள் இழுபடுகின்றன. ஸ்டியரிங்கின் பிடிப்பு மாறுகிறது. முன்விளக்கின் ஒளி எதிரே வருவோரின் கண்ணில் அடிக்கிறது.

ஆகவே நம் கருத்து இது: புதிதாக வண்டி வாங்கும் சங்கம், ஆலையிலிருந்தே உயரமாக வரும் வண்டியை வாங்குக. எடுத்துக்காட்டாக, 2020 இல் வெளிவந்த மகிந்திரா தார் வண்டிக்குத் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே 226 மில்லிமீட்டர் இடைவெளியும், 650 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் திறனும் ஆலையார் கணக்கிலேயே உண்டு. நம் கிளைப்பாதைகளுக்கு இதற்கு மேல் உயரம் தேவைப்படுவது அரிது. தளர்ந்த கமான் பட்டையால் பழைய வண்டி தாழ்ந்திருந்தால், பட்டையை மாற்றி மூல உயரத்திற்குக் கொண்டுவருவதே முதல் மருத்துவம். அதற்கும் மேல் உயர்த்தியே தீரவேண்டும் என்னும் சங்கம், வட்டாரப் போக்குவரத்து அலுவலரின் கருத்தை எழுத்தில் பெறுக. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்குக. உரிய அனுமதி கிட்டாதாயின் அம்முயற்சியைக் கைவிடுக. ஆலையார் குறித்த அளவிலேயே பழைய அதிர்வுதாங்கிக்குப் பதில் புதியதைப் பொருத்துவது அமைப்பை மாற்றுவதாகாது. அதற்கும் கீழே சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் பயன்படும்.

நீளக் கணக்கு

உயர்த்திய வண்டிகளில் அதிர்வுதாங்கி சீக்கிரம் கெடுவதற்கு முதற் காரணம் மட்டமான சரக்கு அன்று, பொருந்தாத நீளம். இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

ஒரு வண்டியின் பின்பக்க அதிர்வுதாங்கி முழுதும் விரிந்தால் 500 மில்லிமீட்டர், முழுதும் சுருங்கினால் 320 மில்லிமீட்டர், வண்டி சமதரையில் நிற்கையில் 400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அச்சு பள்ளத்தில் இறங்க 100 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. வில்லை மாற்றி வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்தினோம். பழைய அதிர்வுதாங்கியே இருந்தால், நிற்கும் நிலையில் அது 450 மில்லிமீட்டராக விரிந்துவிடும். பள்ளத்தில் இறங்க எஞ்சுவது 50 மட்டுமே. ஒவ்வொரு பள்ளத்திலும் தண்டு தன் எல்லையில் சுண்டியிழுக்கப்படும். சில மாதங்களில் சீல் கிழியும். இல்லையேல் மேல் மாட்டியே பிய்ந்துவிடும்.

ஆகவே 550 வரை விரியும் நீண்டதை வாங்குகிறோம். இங்கேதான் இரண்டாவது அபாயம். நீண்ட அதிர்வுதாங்கி சுருங்கிய நிலையிலும் நீண்டதாகவே இருக்கும். அது 345 இல் நின்றுவிடும் என்க. அச்சு மேலேறுகையில் அதனைத் தடுக்கும் ரப்பர் முட்டுக்கட்டை, முழுதும் நசுங்கிய நிலையில், 335 இல்தான் தடுக்கிறது எனில், முட்டுக்கட்டை தாங்குமுன்பே அதிர்வுதாங்கி அடித்தட்டிவிடும். வண்டியின் முழுப் பாரமும் சிறு தண்டின்மேல் சம்மட்டி போல் இறங்கும். பழைய அமைப்பில் 15 மில்லிமீட்டர் இடைவெளி காப்பாக இருந்தது. அதே காப்பு வேண்டுமானால் முட்டுக்கட்டை 360 இலேயே தடுக்குமாறு, அதனை 25 மில்லிமீட்டர் தாழ்த்த வேண்டும். மேலும், அச்சு 550 வரை இறங்குவதற்குப் பிரேக் குழாயும் சுழல்தண்டும் இடங்கொடுக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

இக்கணக்கு, அதிர்வுதாங்கி அச்சின்மேல் ஏறக்குறைய நேராக நிற்கும் ஒற்றை அச்சு வண்டிகளுக்கு உரியது. முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் வண்டிகளில் அதிர்வுதாங்கி சக்கரத்திற்கு உள்ளே தள்ளி நிற்கும். ஏற்றத்தின் நுனி பத்தடி ஏறும்போது நடுப்பகுதி சில அடிகளே ஏறுவதுபோல, சக்கரம் 50 மில்லிமீட்டர் நகர்ந்தால் அதிர்வுதாங்கி அதனினும் குறைவாகவே நகரும். 'இரண்டு அங்குலம் தூக்கினோம், இரண்டு அங்குலம் நீண்டதைக் கொடு' என்று கேட்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. அளந்து வாங்குவதே முறை.

இருவகை அமைப்பு

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரு வகை. முதலாவது இரட்டைக்குழாய் வகை. உட்குழாயில் பிஸ்டன் ஓடும். வெளிக்குழாயில் உபரி எண்ணெய் நிற்கும். விலை குறைவு. கல் அடித்து வெளிக்குழாய் சற்று நெளிந்தாலும் உட்குழாய் தப்பிவிடும். குறை என்னவெனில், உட்குழாயின் வெப்பம் நேரே வெளியேறாது. நெடுநேர அதிர்வில் எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைத்து, தடை தளர்ந்துவிடும். குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் நிரப்பியவை இக்குறையை ஓரளவு தணிக்கின்றன.

இரண்டாவது ஒற்றைக்குழாய் வகை. ஒரே குழாயில் எண்ணெயும், மிதக்கும் மூடிக்கு அப்பால் மிகுந்த அழுத்தத்தில் நைட்ரஜனும் இருக்கும். பிரெஞ்சுப் பொறியாளர் தெ கார்போன் வகுத்த இம்முறையை ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1950 களில் பெருமளவில் செய்யத் தொடங்கியது. வெப்பம் நேரே காற்றுக்குப் போவதால் இது எளிதில் தளராது. ஆனால் விலை அதிகம். பிஸ்டன் வெளிக்குழாயிலேயே ஓடுவதால், கல்பட்டு ஓரிடம் உள்வாங்கினால் அதோடு அதன் வாழ்வு முடிந்தது.

எது சிறந்தது? பாதையைப் பொறுத்தது. மெதுவாக ஏரிக்கரையில் ஏறி இறங்கி, நாளைக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடும் சங்க வண்டிக்கு, தடித்த நல்ல இரட்டைக்குழாயே போதும். நெடுந்தூரம், நிறைந்த பாரத்துடன், கரடான பாதையில் வேகமாக ஓடவேண்டிய வண்டிக்கே ஒற்றைக்குழாயின் கூடுதல் விலை நியாயமாகும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, வில்லும் அதிர்வுதாங்கியும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும். கடினமான வில்லுக்குத் தளர்ந்த அதிர்வுதாங்கி போட்டால் வண்டி துள்ளும். மென்மையான வில்லுக்கு இறுகியதைப் போட்டால், அழுந்திய வில் மீண்டு எழுமுன் அடுத்த பள்ளம் வந்துவிடும். வண்டி வழக்கமாகச் சுமக்கும் பாரத்தை விற்பனையாளரிடம் கூறியே வாங்க வேண்டும். வெறும் வண்டிக்கு ஏற்றதும், பத்து மூட்டை ஏற்றிய வண்டிக்கு ஏற்றதும் ஒன்றல்ல.

இரண்டாவது, தண்டின் தடிமனும் அதன் குரோம் பூச்சும். பூச்சு வழவழப்பாக, புள்ளியின்றி இருத்தல் வேண்டும். சேறு கீறிய தண்டு அரம்போல் சீலை அறுத்துவிடும்.

மூன்றாவது, மாட்டும் காதுகளின் பற்றவைப்பும், அவற்றிலுள்ள ரப்பர் புஷ்களும். புஷ்கள் தனியே கிடைக்குமா என்று கேட்டு வைத்துக்கொள்க.

நான்காவது, பழுது பார்க்கும் வசதி. சில வகைகளைப் பிரித்துச் சீலும் எண்ணெயும் மாற்றலாம். சிலவற்றை எறிந்துவிட வேண்டியதுதான். அயல்நாட்டுப் பெயர்பெற்ற பொருளாயினும், அதன் சீல் நம் ஊரில் கிடைக்காதாயின் அது சங்கத்திற்கு உகந்ததன்று. 1961 இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா போன்ற நிறுவனங்களின் ஆலைகள் நம் நாட்டில் பல இடங்களிலும், நம் மாநிலத்தில் ஓசூரிலும் உள்ளன. அண்மையில் கிடைக்கும் உதிரிப்பொருளின் மதிப்பை எளிதாக எண்ணலாகாது.

மலிவு எது?

மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, குறைந்ததை ஏற்பது நம் வழக்கம். நல்ல வழக்கமே, ஆனால் குறைந்த விலையும் குறைந்த செலவும் எப்போதும் ஒன்றல்ல. கணக்கு விளங்கும் பொருட்டுச் சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம்.

நான்கு அதிர்வுதாங்கிகள் 10,000 ரூபாய். 15,000 கிலோமீட்டர் உழைக்கும். மற்றொரு வகை 24,000 ரூபாய். 60,000 கிலோமீட்டர் உழைக்கும். ஒருமுறை மாற்றப் பட்டறைக் கூலி 2,000 ரூபாய். வண்டி ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுமாயின், நான்கு ஆண்டுகளில் முதல் வகைக்கு நான்கு முறை செலவிட வேண்டும். மொத்தம் 48,000 ரூபாய். இரண்டாவது வகைக்கு ஒரே முறை, 26,000 ரூபாய். இதில் 22,000 ரூபாய் மிச்சம். டயர் தேய்வையும், வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களில் கொடுக்கும் வாடகையையும் நாம் சேர்க்கவில்லை.

ஆனால் எது எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்பதை விற்பனையாளர் வாய்ச்சொல்லால் அறிய இயலாது. சங்கத்தின் சொந்தக் குறிப்பேடே அதற்குச் சான்று. ஆகவே, விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே விரிந்த நீளம், சுருங்கிய நீளம், வகை, தாங்க வேண்டிய பாரம், உத்தரவாதக் காலம் ஆகியவற்றைக் குறித்துவிடுக. ஒரே தகுதியுள்ள பொருள்களுக்குள்தான் விலையை ஒப்பிட வேண்டும். கூடுதல் விலையுள்ளதை ஏற்பதாயின், காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுக. எழுதப்பட்ட காரணம் தணிக்கையில் மறுப்புக்குள்ளாவது அரிது. எழுதப்படாத நல்லெண்ணத்தைக் காப்பாற்ற யாராலும் இயலாது.

பொருத்துதலும் பராமரிப்பும்

அதிர்வுதாங்கிகளை ஓர் அச்சுக்கு இரண்டும் சேர்ந்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, சக்கரங்கள் தரையில் ஊன்றி வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியவுடன் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பல பட்டறைகளில் இதனைக் கவனிப்பதில்லை. ஓட்டுநர் உடனிருந்து பார்த்துக்கொள்க.

மாதமொருமுறை, சேற்றைக் கழுவியபின் குனிந்து நோக்குக. தண்டின் அருகே இலேசான எண்ணெய்ப் பசை இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. குழாயில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் அது கெட்டுவிட்டது. வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டால் ஒருமுறை எழுந்து அமைய வேண்டும். மேலும் துள்ளினால் சந்தேகிக்க வேண்டும். டயரின் பரப்பில் குழிகுழியாகத் தேய்வு தெரிந்தாலும் அதிர்வுதாங்கியைச் சோதிக்க. தளர்ந்த அதிர்வுதாங்கியுள்ள வண்டியில் டயர் தரையை விட்டு எழும்புவதால் பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் நீளும். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில், பெரும் லாரிகளுக்கு நடுவே, அந்தச் சில அடிகள் உயிரின் விலை.

மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், பொருளின் பெயர், விலை ஆகிய நான்கையும் வண்டிக் குறிப்பேட்டில் ஒரு தனிப்பக்கத்தில் எழுதி வருக. மூன்று ஆண்டுகளில் அப்பக்கம் எந்த விற்பனையாளரின் விளம்பரத்தைவிடவும் நம்பத்தக்க வழிகாட்டியாகும். அண்டைச் சங்கங்கள் தம் பக்கங்களை ஒப்பிட்டுக்கொண்டு ஒன்றாக வாங்குமாயின் விலையும் குறையும்; நான்கு சங்கங்கள் சேர்ந்து கேட்கும் பொருளுக்கு உத்தரவாதமும் எளிதில் கிட்டும்.

அடுத்த பொதுக்குழுவில் வண்டிச் செலவு படிக்கப்படும்போது, தொகையைக் கேட்டு முணுமுணுப்பதோடு நின்றுவிடாது, குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். கேட்கும் அங்கத்தினர் உள்ள சங்கத்தில்தான் எழுதும் செயலாளரும் இருப்பார்.